காரணம் எழுதாமல் சேமிக்க முடியாது

முதல் நாள் அம்மா ஒரு புள்ளி வைத்தாள். மறுநாள் அத்தையும் ஒரு புள்ளி வைத்தாள்.

இரண்டும் ஒரே பெட்டியில் விழுந்த புள்ளிகள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் புதிய இணையதளத்தில் எந்தப் பக்கத்தைத் திருத்தினாலும், சேமிக்கும் முன் 'மாற்றத்துக்கான காரணம்' என்ற பெட்டியை நிரப்பியாக வேண்டும். நிரப்பாமல் அழுத்தினால், 'காரணம் எழுதாமல் சேமிக்க முடியாது' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். அந்த வரியை எழுதியவள் மகள். அம்மாவுக்கு மகள், அத்தைக்கு அண்ணன் மகள். பின்னறையில் உட்கார்ந்து ஊரில் பாதிக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பவள். கேட்ட கேள்விக்கு மட்டும், அதுவும் சற்று யோசித்துத்தான் பதில் சொல்வாள் என்பதால் அத்தை அவளுக்குச் சின்ன வயதிலேயே ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தாள். நாளாக நாளாக ஊமை உதிர்ந்து, கோட்டான் நிலைத்துவிட்டது.

பள்ளி அம்மாவும் அத்தையும் சேர்ந்து நடத்துவது. முன்னறையில் அம்மா பாடம் எடுப்பாள்: கரும்பலகை, சாலைக் குறிகள், மேசைமேல் ரவுண்டானா வரைந்த அட்டை, அதில் ஓட்டிக் காட்டப் பொம்மைக் கார்கள், ஒரு பொம்மை லாரி. வண்டி அத்தையின் பொறுப்பு. மாணவருக்குப் பக்கத்தில், தன் காலுக்கும் ஒரு பிரேக் வைத்த வண்டியில், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரைச் சுற்றுவாள். பதினோரு வருஷமாக இப்படித்தான். கடைசி நான்கு மாதமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை.

சண்டைக்குக் காரணம் சின்னது. ஒரு மாணவன் தேர்வில் தோற்றான். "வகுப்புல ஒழுங்கா சொல்லிக் குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள் அத்தை. "அவன் பிரேக் போடுறதுக்கு முன்னாடி நீ போட்டுட்டா அவன் எங்க கத்துக்குவான்?" என்றாள் அம்மா. "வண்டியைத் தொட்டே பதினஞ்சு வருஷம் ஆனவங்க வண்டியைப் பத்திப் பேசறாங்க" என்றாள் அத்தை. அதோடு கதவு சாத்தப்பட்டது. வாசல் கதவு இல்லை. அது இன்னும் திறந்தேதான் இருந்தது, மாணவர்கள் வர வேண்டுமே.

மகளுக்கு மௌனம் புதிதல்ல. அவள் நாளில் பெரும்பகுதி அதில்தான் கழிந்தது. சில மௌனங்களில் காலை நீட்டி உட்காரலாம். இது அப்படிப்பட்டதல்ல. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால், மேசையில் இருக்கிற உப்பைக் கேட்க, அப்பா வழியாகப் போய் வர வேண்டியிருந்தது. அம்மாவுக்குக் கணவனும் அத்தைக்கு அண்ணனுமான அப்பா, உப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு முதலில் கொடுப்பது என்று திருதிருவென விழிப்பார். சாப்பிட்டதும் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். நான்கு மாதத்தில் ஆள் பாதியாக இளைத்துவிட்டார்.

விஷயம் உப்போடு நிற்கவில்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் இரண்டு கையெழுத்து. இரண்டும் விழாவிட்டால் பள்ளி இரண்டாகும். அது மேசைமேல் மூன்று வாரமாகக் காலியாகக் கிடந்தது, பறக்காமலிருக்கப் பொம்மை லாரி ஏற்றி வைக்கப்பட்டு.

"கோட்டான், ரெண்டு தளம் பண்ற மாதிரி இருந்தா இப்பவே சொல்லிடறேன். எனக்கு நீலக் கலர்ல" என்று அத்தை ஒருநாள் பின்னறை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அரை மணி கழித்து வந்தாள். "உன் அத்தை என்ன கலர் கேட்டா? அது இல்லாம எது வேணாலும் போடு."

மகள் இரண்டு தளம் செய்யவில்லை. பழைய தளத்தில் ஒரு கமா மாற்றவும் அவளிடம்தான் வர வேண்டும். காலை வகுப்பு ஏழு மணி என்று அம்மா செய்தி அனுப்புவாள், எட்டு என்று அத்தை அனுப்புவாள். அதனால், அவர்களே எழுதித் திருத்திக்கொள்ளும்படி உள்ளடக்க மேலாண்மை அமைப்பு ஒன்றை நிறுவினாள். யாருக்கு என்ன அனுமதி என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டாள். இருவரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நான் பார்க்காம அவ எழுதுறது எதுவும் வெளிய போகக் கூடாது."

அவள் கேட்டதைக் கேட்டபடியே அமைத்தாள். எழுதுகிறவர் வெளியிட முடியாது. எழுதினால் அது வரைவாக நிற்கும். மற்றவர் படித்து, 'வெளியிடு' அழுத்தலாம், அல்லது திருத்தித் 'திருப்பி அனுப்பு' அழுத்தலாம். எதை அழுத்தினாலும் காரணம் எழுத வேண்டும். காரணங்களெல்லாம் பக்கத்தின் அடியில் 'மாற்றங்கள்' என்ற இணைப்பில் தேதி நேரத்தோடு வரிசையாகச் சேரும். யார் எதை ஏன் மாற்றினார்கள் என்று பின்னால் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாமே என்றுதான் அதைக் கட்டாயமாக்கினாள். வேறு நினைப்பு எதுவும் அப்போது அவளுக்கு இருந்ததா என்று கேட்டால், சற்று யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

வந்தவை புள்ளிகள்.

குறைந்தது இருபது எழுத்து வேண்டும் என்று விதியை மாற்றினாள். அம்மா இருபது புள்ளி வைத்தாள். அத்தை இருபத்தொன்று வைத்தாள்.

மூன்று சொல்லாவது வேண்டும் என்று மாற்றினாள். 'காரணம் காரணம் காரணம்' என்று எழுதினாள் அம்மா. அதற்குப் பதிலாக அத்தை, 'பார்த்தேன் பார்த்தேன் பார்த்தேன்.' மகள் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒரே சொல் அடுத்தடுத்துத் திரும்ப வரக் கூடாது என்று இன்னொரு விதியை, உண்மைத் தளத்தின் நகலாக வைத்திருந்த சோதனைத் தளத்தில் எழுத உட்கார்ந்தாள். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு முறை அம்மாவாக, ஒரு முறை அத்தையாக, லாகின் செய்வதும் வெளியேறுவதுமாக இருந்தது. பத்தாவது தடவை அலுப்புத் தட்டியது. மாற்றங்களைப் பார்க்கும் அனுமதியில், 'வருகையாளர்' என்ற வரிசையிலும் ஒரு டிக் போட்டாள். இனி லாகின் இல்லாமலே பார்க்கலாம். சோதனைத் தளத்துக்கு யார் வரப் போகிறார்கள்? அதன் வாசலில் கடவுச்சொல் இருக்கிறது.

விதி வேலை செய்தது. எல்லா அமைப்புகளையும் மொத்தமாக எடுத்து உண்மைத் தளத்தில் ஏற்றினாள். ஏற்றும்முன் என்னென்ன மாறப் போகிறது என்று அது ஒரு பட்டியல் காட்டும். பட்டியலைப் படிக்காமல் 'சரி' அழுத்தும் ஆட்களைப் பற்றி அவளுக்குக் கடுமையான அபிப்பிராயங்கள் உண்டு. அன்று அவளும் படிக்கவில்லை. அத்தையின் வண்டி வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. புது விதியில் முதலில் யார் மாட்டுவார்கள் என்று பார்க்கும் ஆவல். அழுத்திவிட்டாள்.

மாட்டியது அத்தை.

அம்மா எழுதியிருந்த ரவுண்டானாப் பக்கம் வரைவாக நின்றது. அத்தை கைபேசியில் கட்டை விரலால் குத்திக் குத்தி எழுதிய காரணம் இது: 'உள்ள இருக்கிற வண்டிக்கு வெளிய இருந்து வர்றவங்க வழி விடணும்னு போட்டிருக்கு. சட்டம் சரி. விடுறவங்க யாருன்னு ஒருத்தரையாவது காட்டினா நல்லா இருக்கும். நிக்கிறது எப்படின்னும் சேர்த்து எழுதவும்.'

அம்மா அன்றைக்கே ஒரு பத்தி சேர்த்துத் திருப்பினாள். 'சேர்த்தாச்சு. நிக்கிறது எப்படின்னு எழுதறது சுலபம். ஆனா மாணவன் காலை முதல்ல பிரேக் போட விடணும்.'

'எந்தக் காலைச் சொல்றீங்கன்னு புரியுது.'

'புரிஞ்சா சரி. ரெண்டாவது வரியில எழுத்துப் பிழை.'

இப்படி ஆரம்பித்தது. இரண்டு வாரத்தில் அறுபதைத் தாண்டியது. மூன்றாவது கியரை எப்போது போடுவது என்பது மட்டும் பதினான்கு தடவை போய் வந்தது. முன்னறையில் இருவரும் நான்கடி தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு திரையில் தட்டிக்கொண்டிருப்பார்கள். சில சமயம் தட்டும் வேகத்திலேயே யாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கிறது என்று பின்னறைக்குத் தெரிந்துவிடும். ஆனால் சாப்பாட்டு மேசையில் உப்பு இன்னமும் அப்பா வழியாகத்தான் போயிற்று. ஒரே வித்தியாசம், அப்பா கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நடையும் குறைந்திருந்தது.

"என்ன அப்படிச் சிரிப்பு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல. நியூஸ்."

ஒரு செவ்வாய்க்கிழமை, அத்தை எழுதிய 'அவசர பிரேக்' பக்கத்தை அம்மா திருப்பி அனுப்பியிருந்தாள். காரணம்: 'பயிற்சியாளர் எப்போ பிரேக் போடலாம்னு ஒரு வரியும் இல்லையே. வேணும்னேவா?' இதற்கு எள்ளும் கொள்ளும் வெடிக்கப் போகிறது என்று மகள் எதிர்பார்த்தாள். அத்தையின் பதில் மறுநாள்தான் வந்தது.

'வேணும்னுதான் விட்டேன். நான் முந்திப் போடுறது உண்மை. நாலு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு, அவளே போடுவான்னு காத்திருந்தேன். போடல. சுவருதான், யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அன்னையிலருந்து கால் என்னைக் கேக்காம போகுது. இதை எப்படி ஒரு பக்கத்துல எழுதறது?'

அந்த வரைவை அம்மா இரண்டு நாள் தொடவில்லை. திறப்பாள், படிப்பாள், மூடுவாள். மூன்றாம் நாள் வெளியிட்டாள். 'பக்கம் இப்படியே இருக்கட்டும். நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.' அதற்குக் கீழே, பத்து நிமிஷம் கழித்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் அதே பக்கத்தைச் சேமித்து, இன்னொரு காரணம்: 'பதினஞ்சு வருஷம் முன்னாடி நான் வண்டி ஓட்டறதையே விட்டது, வாசல் கேட் தூண்ல இடிச்சதால இல்ல. இடிச்சப்ப நீ சிரிச்சே. அதுதான்.'

மகள் இதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்க முயன்று, நின்று, மறுபடி முயன்றார்கள். பதினைந்து வருஷம் ஒருவர் ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக் கார்களை ஓட்ட முடிகிறது. அதைச் சொல்ல வாய்ப்பு இல்லாமல் இல்லை. யாரும் அவளைக் காரணம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அத்தையின் பதில், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, வண்டியிலிருந்தே வந்தது. 'ஐயோ அண்ணி. நான் உங்களைப் பார்த்தா சிரிச்சேன்? அந்தத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு அண்ணன் சிகரெட் பிடிச்சுட்டிருந்தார். நீங்க இடிச்சதும் வாயில சிகரெட்டோட அவர் ஓடினதைப் பார்த்துச் சிரிச்சேன். சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டார்.'

முன்னறையில் அம்மா தனியாக இருந்தாள்.  பின்னறைக்கு ஒரு சிரிப்புக் கேட்டது, அடக்கி, அடங்காமல், மேசைமேல் பொம்மைக் கார்கள் உருளும் சத்தத்தோடு.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டு, பாதியில் எழுந்து, நடைக்குக் கிளம்பிவிட்டார். ஏன் என்று மகளுக்குப் புரியவில்லை. அம்மா அவரை முதுகு மறையும்வரை பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால், சிகரெட் விஷயம் அத்தை எழுதித்தான் தெரியும் என்று அத்தை முன்னாலேயே ஒத்துக்கொள்ள வேண்டுமே.

வியாழக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் கடைசி நாள். லாரி படிவத்தின் மேலேயே நின்றது. எழுத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்ட இருவரும் நேரில் ஒரு அடி நகரவில்லை. யார் முதலில் வாயைத் திறப்பது என்பதுதான் மிச்சம் போலிருந்தது. அதற்குத் திரையில் ஒரு பொத்தான் இல்லை.

மத்தியானம் பல் டாக்டர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அம்மா நேரங்களைச் சொன்னாள். அத்தை வண்டிச் சாவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சேர்ந்துடறேன்" என்றார் டாக்டர். "ஒரே ஒரு சந்தேகம். அந்த மூணாவது கியர் விஷயத்துல கடைசியா யார் ஜெயிச்சது?"

சாவி துடைப்பது நின்றது.

"எந்த மூணாவது கியர்?" என்றாள் அம்மா.

"அதான், உங்க வெப்சைட்ல. என் கிளினிக்ல எல்லாரும் அதைத்தான் படிக்கிறாங்க. நர்ஸ் உங்க பக்கம். நான் அவங்க பக்கம்." அத்தையைப் பார்த்துத் தலையசைத்தார். "அந்தச் சுவர் விஷயம் படிச்சப்புறம் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க."

இது பின்னறையில் மகள் காதில் விழுந்தது. லாகின் இல்லாத புது ஜன்னலைத் திறந்து, யாரோ ஒருத்தியாகப் பள்ளியின் தளத்துக்குள் நுழைந்தாள். பக்கத்தின் அடியில் அது இருந்தது: 'மாற்றங்கள்.' அழுத்தினாள். எல்லாம் இருந்தன. கால், சுவர், தூண், சிகரெட். எப்போதும் லாகின் செய்தே பார்ப்பவளுக்கு அந்த இணைப்பு எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. வேறு யார் யார் கண்ணில் படுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

அனுமதிப் பக்கத்துக்குப் போனாள். வருகையாளர் வரிசை. டிக். எடுத்தாள். சேமித்தாள். தளம் சேர்த்து வைத்திருந்த பழைய பிரதிகளையும் அழித்தாள். நாற்பது வினாடிகூட ஆகியிருக்காது. இனி யார் போய்ப் பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. டாக்டர் ஏதோ உளறுகிறார் என்றாகிவிடும். அவள் வாயைத் திறக்காதிருந்தாலே போதும். அது அவளுக்குக் கைவந்த கலை.

திரையில் சேமித்ததற்கான அறிவிப்பு வந்து, நின்று, மறைந்தது. அனுமதிப் பக்கம் மட்டும் யாரிடமும் காரணம் கேட்பதில்லை.  பிறகு எழுந்து முன்னறைக்குப் போய், இருவருக்கும் நடுவே நின்றாள்.

"என் தப்பு" என்றாள். "சோதனைக்காக ஒரு டிக் போட்டேன். எடுக்காம உண்மைத் தளத்துல ஏத்திட்டேன். நீங்க எழுதின காரணமெல்லாம் ரெண்டு வாரமா ஊருக்கே தெரிஞ்சிருக்கு. இப்பத்தான் எடுத்தேன்."

நான்கு மாதத்தில் அவள் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். 

"எல்லாமா?" என்றாள் அம்மா.

"எல்லாமும்."

"அடியே கோட்டான்!" அத்தை துணியை மேசையில் அடித்தாள். "வாயையே திறக்க மாட்டா, திறந்தா குண்டு! அண்ணி, கேட்டீங்களா இவ சொல்றதை?"

"கேட்டேனே! ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை பேசாதது, ரெண்டு பேர் மானத்தையும் ஊருக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கு பாரு! நீ குடுக்கற செல்லம்!"

"நானா செல்லம் குடுத்தேன்? பரீட்சைக்கு முந்தின நாள் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தது யாரு அண்ணி?"

"அதைக் கேட்டு அழுதப்ப பக்கத்துல உக்காந்து சேர்ந்து அழுதது யாரு?"

ஒரு பாட்டம் திட்டு விழுந்தது. ஒருத்தி நிறுத்திய இடத்தில் மற்றவள் பிடித்துக்கொண்டாள். மகள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே மட்டும் ஏதோ ஒன்று, நான்கு மாதமாகக் குறுக்கே கிடந்தது, மெல்லப் புரண்டு ஓரமாகப் போனது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. திட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். கவனித்தது டாக்டர்தான். புத்திசாலி, மூச்சுக் காட்டாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அத்தைக்குத்தான் முதலில் உறைத்தது. சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள்.

"அப்ப அந்தச் சிகரெட்டும் ஊருக்குத் தெரியுமா?" என்றாள் அத்தை, தணிந்த குரலில்.

சொல்லும்போதே வாசலில் அப்பா வந்து நின்றார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போகப் பார்த்தார்.

"நில்லுங்க" என்றாள் அம்மா. "சாப்பாட்டுல தினமும் படிச்சது இந்த நியூஸைத்தானா?"

"நான் என்ன பண்றது? வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்கு வேற எப்படித் தெரியும்?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். "மூணாவது கியர் வரைக்கும் நல்லாத்தான் போயிட்டிருந்தது."

முதலில் சிரித்தது டாக்டர். பிறகு அத்தை. அம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அன்று தூணருகே ஒருத்தி மட்டும் சிரித்த சிரிப்பை, இன்று இருவருமாகச் சிரித்தார்கள். அப்பா இந்த முறை ஓடவில்லை, ஓட வழி மறித்து மகள் நின்றிருந்தாள்.

சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தை பொம்மை லாரியை நகர்த்தினாள். படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினாள். "அண்ணி, இதுல எங்கயாவது காரணம் எழுதணுமா?"

"கையெழுத்து மட்டும்தான்."

"அப்ப சுலபம்." போட்டாள். அம்மாவும் போட்டாள். டாக்டர் தானும் எங்காவது போட வேண்டுமா என்று கேட்டார். அவருக்குச் சேர்க்கைப் படிவத்தைக் கொடுத்தார்கள்.

மறுநாள் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு வர, வண்டியை எடுத்தது அம்மா. பக்கத்தில் அத்தை. தெருமுனை திரும்பும்வரை அத்தையின் இரண்டு காலும் இருக்கைமேல் சம்மணமிட்டிருந்ததை மகள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அதன் பிறகு மாற்றங்களின் பட்டியல் சலிப்பூட்டத் தொடங்கியது. 'நேர்ல சொல்லிட்டேன் அண்ணி.' 'நேர்ல பேசியாச்சு, சரி.' மூன்று சொல் விதிக்காக மூன்று சொல். ஒரு வாரம் பார்த்துவிட்டு, மகள் எல்லா விதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். இந்த முறை பட்டியலை வரி வரியாகப் படித்துவிட்டு 'சரி' அழுத்தினாள்.

மறுநாள் காலை திறந்து பார்த்தாள். ரவுண்டானாப் பக்கத்தில் ஒரு மாற்றம். காரணம்: ஒரு புள்ளி. அதற்குக் கீழே வெளியிட்ட காரணம்: இன்னொரு புள்ளி.

அந்த இரண்டு புள்ளிகளையும் அவள் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்க நினைத்தாள். முன்னறையில் அம்மாவும் அத்தையும் மூன்றாவது கியரை எடுத்து வைத்துக்கொண்டு, ஒருவர் பேச்சுக்குமேல் ஒருவர் பேசி, கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"பார்த்தீங்களா அண்ணி, கோட்டான் கதவைச் சாத்திடுச்சு" என்று அத்தையின் குரல் கேட்டது. "காரணம் எழுதினாளா கேளுங்க."